பெற்றவளுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்: மத்திய தத்துவள ஆணையத்திற்கும் தமிழக அரசுக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்: நாடு முழுவதும் தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய தத்துவள ஆணையம் (CARA), புது தில்லி, தமிழ்நாட்டில் தத்தெடுப்புப் பணிகளைக் கவனிக்கும் மாநில முகமை, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள், குழந்தைகள் நலக் குழுக்கள்.

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். நான் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். 1985ஆம் ஆண்டில், திருமணமாகாத நிலையில், எனக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த சில வாரங்களில் அக்குழந்தை தத்துக் கொடுக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அவள் உயிரோடு இருக்கிறாளா என்பதைக்கூட அறியாமல் இருந்த நான், இன்று அவளோடு பேசுகிறேன். அவளுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் சொல்லித் தருகிறேன். இந்த நல்வாய்ப்பு எந்த அலுவலகத்தின் வழியாகவும் எனக்கு வரவில்லை; ஒரு மூதாட்டியின் நினைவாற்றலால் வந்தது. என்னைப் போன்ற மற்றத் தாய்மார்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு மூதாட்டி வாய்க்காமல் போகலாம் என்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன். குழந்தையை ஒப்படைத்த தாய், பிற்காலத்தில் தானாக முன்வந்து, தன் பிள்ளை தேடினால் தன்னைத் தொடர்பு கொள்ளலாம் என்று எழுதிவைக்க அரசின் பொறுப்பில் ஒரு பதிவேடு வேண்டும் என்பதே என் கோரிக்கை.

சட்டம் எங்களை முற்றிலும் மறந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, தங்கள் கட்டுப்பாட்டை மீறிய உடல், மன, சமூகக் காரணங்களால் குழந்தையை வளர்க்க இயலாத பெற்றோர் குழந்தைகள் நலக் குழுவின் முன் அதனை ஒப்படைக்கலாம் என்றும், அதற்கு முன் விசாரணையும் ஆலோசனையும் நடக்க வேண்டும் என்றும், ஒப்படைப்புப் பத்திரம் எழுதிய பின்னரும் முடிவை மறுபடி எண்ணிப் பார்க்க இரண்டு மாத அவகாசம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள், பதினெட்டு வயது நிரம்பிய தத்துப் பிள்ளை தன் வேர்களைத் தேடி விண்ணப்பிக்கலாம் என்கின்றன. வேறு எவரும் அவருக்காகத் தேடுவதைத் தடுக்கின்றன. அந்தத் தேடல் பெற்றவர்களின் தனியுரிமையை மீறக் கூடாது என்றும் வரையறுக்கின்றன. இவை அனைத்தும் நல்ல விதிகள். இவற்றில் எதையும் எடுத்துவிடும்படி நான் கேட்கவில்லை. ஆயினும் இவ்விதிகளை எத்தனை முறை படித்தாலும், ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டு வெளியேறிய நாளுக்குப் பிறகு அந்தத் தாய் இருபதாண்டு கழித்தோ முப்பதாண்டு கழித்தோ எதையேனும் சொல்ல விரும்பினால் எந்த வாசலுக்கு வர வேண்டும் என்பதற்கு அவற்றில் விடையில்லை.

என் காலத்தில் இந்த விதிகளும் இல்லை. ஆனால் 1984 பிப்ரவரியில், வெளிநாட்டுத் தத்தெடுப்புப் பற்றிய லட்சுமி காந்த் பாண்டே வழக்கில், நீதிபதி பி.என். பகவதி அளித்த தீர்ப்பு வந்திருந்தது. ஒரு வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே அங்கு வழக்காக ஏற்கப்பட்டது என்பதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. பெற்றவர்களுக்கு எந்த நெருக்குதலும் இருக்கக் கூடாது, முடிவெடுக்க அவர்களுக்கு அவகாசம் வேண்டும் என்று அத்தீர்ப்பு அன்றே அக்கறையோடு பேசியது. அடுத்த ஆண்டு நான் தங்கவைக்கப்பட்டிருந்த இல்லத்தில் அந்த அக்கறையை ஒருவரும் அறிந்திருந்ததாகத் தெரியவில்லை.

அந்த இல்லம் இருந்த ஊரையும் அதன் பெயரையும் நான் இங்கே எழுதப் போவதில்லை; அது மூடப்பட்டுவிட்டது, நடத்தியவர்கள் இன்று உயிரோடும் இல்லை. எனக்கு மஞ்சள் காமாலை என்றும், நாட்டு வைத்தியத்துக்காக அத்தை வீட்டில் இருக்கிறேன் என்றும் எங்கள் தெருவில் சொல்லப்பட்டது. பேறுகாலம் முடிந்ததும், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த தாளொன்றில் கையெழுத்து வாங்கினார்கள். அதன் படி எனக்குத் தரப்படவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் எனக்கு வாசித்துச் சொல்லவுமில்லை. குழந்தையை எடுத்துச் சென்ற பிறகு பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. பால் வற்றுவதற்காக அங்கிருந்த ஆயா ஒருவர் மல்லிகைப் பூவை அரைத்து என் மார்பில் பற்றுப் போட்டுத் துணியால் இறுக்கிக் கட்டினார். அதன் பின் பல ஆண்டுகள் என்னால் தலையில் பூ வைத்துக்கொள்ள முடியவில்லை. திருமணத்தன்று வைத்தேன், அது வேறு வழியில்லாததால்.

ஒருவர் இறந்தால் வீட்டுக்கு நான்கு பேர் வருவார்கள், அழலாம், காரியம் என்று ஒன்று நடக்கும், அதன் பின் நாளாவட்டத்தில் மனம் ஆறும் என்று நம்பவாவது செய்யலாம். பிள்ளையைத் தத்துக் கொடுத்தவளுக்கு அப்படி எதுவும் இல்லை. அவள் அழுவதற்கு ஒரு காரணம்கூட வெளியில் சொல்ல முடியாது. என் கணவரிடம் திருமணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன்; அவர் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார், அதே வேளையில் மீண்டும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. மகன் பிறக்கவிருந்தபோது மருத்துவமனைத் தாளில் இது எத்தனையாவது பிரசவம் என்ற கட்டத்தில் மாமியார் பக்கத்தில் நிற்க ‘முதல்’ என்று எழுதினேன். பரிசோதித்த மருத்துவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நகர்ந்தார். அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இப்படியே என் வாழ்க்கை முடிந்திருக்கலாம், ஒரு நோய் குறுக்கிடாமல் இருந்திருந்தால். என் தாயார் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர். அதன் பிறகு என் அக்காவுக்கும் அந்நோய் இளம் வயதிலேயே வந்தது. பிஆர்சிஏ என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் அடுத்த தலைமுறைக்குச் செல்லக்கூடியது, குடும்பத்துப் பெண்கள் அனைவரும் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று அக்காவுக்கு மருத்துவம் பார்த்தவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். ‘உங்களுக்குப் பெண் குழந்தைகள் உண்டா?’ என்று என்னிடம் கேட்டார். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்று முதல் என் கவலை வேறாகிவிட்டது. அவளைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கத்தை அடக்கிப் பழகியிருந்தேன்; ஆனால் அவளுக்கு ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும் என்ற பொறுப்பை அடக்க முடியவில்லை. இல்லத்துக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்தது. தத்தெடுப்பைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்றுக்கு எழுதினேன். தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தையைப் பற்றிய விவரங்களைப் பெற்றவர்களுக்குத் தர விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் பிழையில்லை; ஆனால் நான் விவரம் எதையும் கேட்கவில்லை. அவள் பெயரோ ஊரோ எனக்கு வேண்டாம், என்னிடமிருக்கும் இந்த மருத்துவச் செய்தியை அவளுடைய கோப்பில் சேர்த்துவிடுங்கள், அவள் என்றாவது வந்து கேட்டால் கொடுங்கள் என்றுதான் எழுதியிருந்தேன். கேட்பவர்களுக்கு மறுப்புச் சொல்லும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இருந்தது. கொடுக்க வந்தவளிடமிருந்து வாங்கி வைக்கும் வழக்கம் இல்லை. நான் கேட்கும் பதிவேட்டின் தேவை முழுவதும் அந்தப் பதிலில் அடங்கியிருப்பதாகவே எண்ணுகிறேன்.

அதே ஆண்டுகளில், காவிரிக் கரையிலுள்ள ஒரு நகரத்தில், என் மகள் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். அவளைத் தத்தெடுத்தவர்கள் சிறு வயதிலேயே அவளிடம் உண்மையைச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அவள் முறைப்படி விண்ணப்பித்தாள். இல்லம் மூடப்பட்டபோது அதன் கோப்புகளில் ஒரு பகுதி வேறொரு நிறுவனத்துக்குப் போனதாகவும், எஞ்சியவை என்னவாயின என்று தெரியாது என்றும் அவளுக்குச் சொல்லப்பட்டது. கிடைத்த ஒரே தாளில் அவள் ‘கைவிடப்பட்ட குழந்தை’ என்று பதிவாகியிருந்தாள். கையெழுத்திட்டு ஒப்படைத்த ஒரு தாய் இருந்தாள் என்பதே அத்தாளில் இல்லை. தேடலை அங்கேயே நிறுத்தச் சொன்னார்கள், அவள் நிறுத்தவில்லை. அந்த இல்லத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று அக்கம்பக்கத்துத் தெருக்களில் விசாரித்து, எனக்கு மல்லிகைப் பற்றுப் போட்ட அதே ஆயாவை அவள் கண்டுபிடித்தாள். என் அத்தையின் ஊர் அவருக்கு நினைவிருந்தது. அங்கிருந்து அத்தை மகன், அவனிடமிருந்து நான்.

இதைக் கேட்பவர்கள் தெய்வச் செயல் என்கிறார்கள். நானும் அப்படியே நம்புகிறேன். ஆனால் இருவரும் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டிருந்த அத்தனை காலமும், இரண்டு விண்ணப்பங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கக் கூடிய ஒரு மேசை இந்த நாட்டில் இல்லை என்பதற்குத் தெய்வத்தைப் பொறுப்பாக்க முடியாது.

அப்படி ஒரு மேசையை அமைப்பது இயலாத காரியமன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1991ஆம் ஆண்டு முதல் தத்தெடுப்புத் தொடர்புப் பதிவேடு ஒன்று நடைமுறையில் உள்ளது. அதன் ஒரு பகுதியில் தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் பதிவு செய்கிறார்கள், மறு பகுதியில் பெற்றவர்களும் இரத்த உறவினர்களும் பதிவு செய்கிறார்கள். திருமணமாகாத தாய்மார்களிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்ததில் நெடிய, வேதனையான வரலாறு கொண்ட அயர்லாந்து, 2022ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி அமைந்த பதிவேட்டில், தொடர்பு வேண்டும், தகவல் மட்டும் பகிரலாம், தொடர்பே வேண்டாம் என்று ஒருவர் தம் விருப்பத்தைத் தெரிவிக்கலாம். ஆஸ்திரேலியாவில், 2013 மார்ச் 21 அன்று, பிரதமர் ஜூலியா கில்லார்ட், கட்டாயத் தத்தெடுப்புகளால் பிள்ளைகளை இழந்த தாய்மார்களிடம் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பை நான் இங்கே எவரிடமும் கோரவில்லை. என்னை அந்த இல்லத்துக்கு அனுப்பியது அரசு அல்ல. என் குடும்பமும் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சமும். ஆனால் பதிவேடு அரசால் மட்டுமே செய்யக்கூடிய காரியம்.

எங்கள் தனியுரிமையைக் காப்பதற்காகத்தான் இந்த மௌனம் என்று நீங்கள் சொல்லலாம். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். சாதி மாறிக் காதலித்ததற்காகப் பெண்கள் கொல்லப்படும் மண்ணில், பழைய பிரசவம் ஒன்று வெளியே தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் வாழும் தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களின் வாசலில் யாரும் போய் நிற்கக் கூடாது. ஒப்படைக்கும்போது பெயரை மறைக்கக் கேட்டுக்கொண்ட தாயின் ஒப்புதல் இல்லாமல் அவளைப் பற்றிய தகவலைத் தரக் கூடாது என்ற விதி அப்படியே நீடிக்க வேண்டும். ஆனால் இருபது வயதில், பெற்ற வலி ஆறுமுன், அப்பாவும் சித்தப்பாவும் வெளியில் காத்திருக்கையில் ஒரு பெண் சொன்ன விடையை, அறுபது வயதிலும் அவளுடைய விடையாகக் கொள்வது பாதுகாப்பு ஆகாது. என்னிடம் யாரும் கேட்கக்கூட இல்லை. கேட்கப்படாத ஒருத்தியின் மௌனத்தை அவளுடைய விருப்பம் என்று எடுத்துக்கொண்டு அதற்குக் காவல் நிற்கும் ஏற்பாட்டை மாற்றுங்கள் என்றுதான் வேண்டுகிறேன்.

ஆகவே பதிவேடு தாயின் விருப்பத்தால் மட்டுமே நிரம்ப வேண்டும். எப்போது வேண்டுமானாலும் அவள் தன் பெயரை விலக்கிக்கொள்ளவும் முடிய வேண்டும். தத்துப் பிள்ளை, வயது வந்த பின், தானே விண்ணப்பிக்கும்போது மட்டும் அது திறக்கப்பட வேண்டும். பிள்ளையின் பெயரையோ இருப்பிடத்தையோ தாய்க்குத் தெரிவிக்கத் தேவையில்லை. தேடிச் செல்லும் உரிமையை நான் கேட்கவில்லை. வளர்த்த பெற்றோரின் வீட்டு நிம்மதியைக் குலைக்க எந்தப் பெற்றவளுக்கும் உரிமை இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கிடைக்கக்கூடியவளாக இருக்கும் உரிமையை மட்டும் கேட்கிறேன். முகத்தைக் காட்ட விரும்பாத தாய்கூடத் தன் குடும்பத்து நோய்களை, ஒப்படைத்த சூழலை, ஒரு கடிதத்தைப் பெயரில்லாமல் விட்டுச் செல்ல அதில் வழி இருக்கட்டும்.

இன்னொரு கூட்டத்தாரை நினைவூட்ட விரும்புகிறேன். பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது; பின்னர் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. அத்தொட்டில்கள் பல உயிர்களைக் காப்பாற்றின. பெயர் சொல்லாமல் குழந்தையை விட்டுச் செல்லலாம் என்பதே அத்திட்டத்தின் பலம். ஆனால் தொடக்க ஆண்டுகளில் அப்படிக் காக்கப்பட்ட பெண்கள் இன்று முப்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களில் ஒருத்தி தேடத் தொடங்கினால், கோப்பில் தாயின் பெயர் இருக்காது; எந்த ஆயாவுக்கும் எதுவும் நினைவிருக்காது. இன்ன ஆண்டு, இன்ன மையத்தில் விட்டவள் நான் என்று அந்தத் தாய் தானாக வந்து பதிவு செய்தால் ஒழிய வேறு வழியே இல்லை. இரு தரப்பும் சம்மதித்தால் மரபணுச் சோதனை செய்து உறுதிப்படுத்த அரசு மருத்துவமனைகளின் வழியாக ஏற்பாடு செய்யலாம். கேரளத்தில், தன் சம்மதமில்லாமல் குழந்தை தத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்று போராடிய இளந்தாய் ஒருவருக்கு, 2021 நவம்பரில், மரபணுச் சோதனைக்குப் பின் நீதிமன்றத்தின் வழியாகக் குழந்தை திரும்பக் கிடைத்ததை நாடே பார்த்தது. குழந்தையை மீட்கப் பயன்பட்ட அறிவியல், வளர்ந்த பிள்ளைகளின் ஐயத்தைத் தீர்க்கவும் பயன்படட்டும்.

மூடப்பட்ட இல்லங்களின் கோப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புப் பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்று உறுதி செய்தது. பிள்ளையின் பிறப்பு மூலம் பற்றிய தகவல்களைப் பாதுகாக்க வேண்டும் என்று அதன் 30ஆவது உறுப்பு கூறுகிறது. வெளிநாடு போன பிள்ளைக்குத் தரும் அந்த உறுதியை உள்ளூரில் வளர்ந்த பிள்ளைக்கும் தர வேண்டாமா? பழைய கோப்புகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று மாவட்டந்தோறும் கணக்கெடுத்து, கரையான் அரிக்குமுன் மாநில ஆவணக் காப்பகத்தில் சேர்த்து, மின்னணு வடிவில் மாற்றி வையுங்கள். அந்த ஆயா போன ஆண்டு காலமாகிவிட்டார். அவரோடு எத்தனை தாய்மார்களின் ஊர்ப் பெயர்கள் போயின என்று எனக்குத் தெரியாது.

மறுசந்திப்பைப் பற்றி மிகையாக எதையும் சொல்ல நான் விரும்பவில்லை, ஏனெனில் நீங்கள் விதி எழுதும்போது அதன் கடினத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். என் மகள் என்னை முதலில் சந்தித்தது அவளை வளர்த்த அம்மாவின் வீட்டில். அந்த அம்மா எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, வேறெதையும் கேட்காமல், ‘இவ பொறந்த நேரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?’ என்று கேட்டார். கல்யாணத்துக்கு ஜாதகம் கேட்டவர்களிடம் சொல்ல அவர்களிடம் நேரமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. நான் நேரத்தைச் சொன்னேன், நாளையும் சொன்னேன். அப்போதுதான் தெரிந்தது, சான்றிதழில் இருந்தது அவள் பிறந்த நாளே அல்ல, பிந்தைய வேறொரு தேதி என்பது. அத்தனை ஆண்டுகளாக அவர்கள் பாயசம் வைத்துக் கொண்டாடியது அந்தத் தேதியை. அந்த அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மகளுக்கு என்மேல் கோபம் இருந்தது. ‘ரெண்டு மாசம் கழிச்சு வந்து கேட்டிருந்தா என்னைத் திருப்பிக் குடுத்திருப்பாங்களா? நீங்க கேட்டீங்களா?’ என்று கேட்டாள். கேட்கலாம் என்பதே எனக்கு அன்று தெரியாது என்றேன். அது உண்மை, ஆனால் அந்த உண்மை அவளுக்கு அன்று போதவில்லை. பல மாதங்கள் அவள் பேசவில்லை. என் மகனுக்கும் இப்படி ஒரு அக்கா இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு ஏற்பட்ட அதிர்ச்சி தனிக்கதை. அந்த மாதங்களில் எங்கள் இரு குடும்பங்களுக்கும் நடுவே நின்று பேசத் தெரிந்த ஒருவர், இத்துறையில் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர், இருந்திருந்தால் பல காயங்களைத் தவிர்த்திருக்கலாம். மறுபடி பேச்சைத் தொடங்கிவைத்தவர் வளர்த்த அம்மாதான். மகள் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டுவிட்டாள், மரபணுச் சோதனைக்கும் போகிறாள் என்று சொல்வதற்காக அவரே எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். என்னைத் தங்கச்சி என்று அழைக்கிறார். நான் அவரை அக்கா என்கிறேன். மகள் அவரை அம்மா என்கிறாள், அது அப்படியே இருக்க வேண்டும்.

ஆகையால் பதிவேட்டைத் திறந்து பெயர்களைப் பொருத்திக் கொடுப்பதோடு உங்கள் பணி முடிந்துவிடாது. முதல் கடிதம், முதல் தொலைபேசி, முதல் சந்திப்பு ஆகியவற்றில் துணை நிற்க ஒவ்வொரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் ஒருவரையாவது பயிற்றுவித்து வையுங்கள். இன்று குழந்தையை ஒப்படைக்க வரும் பெண்ணிடம், அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு என்பதை அவள் பேசும் மொழியில், குடும்பத்தார் அருகில் இல்லாத தனியறையில் சொல்லுங்கள். பத்திரத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, ஒரு படியை அவள் கையில் கொடுங்கள். அதை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாத நிலையில் அவள் இருந்தால், அது எங்கே பத்திரமாக இருக்கும், பின்னாளில் எப்படிக் கேட்டுப் பெறலாம் என்பதையாவது எழுதிக் கொடுங்கள்.

என் பெயரையும் முகவரியையும் உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பும் படியில் எழுதியிருக்கிறேன். பொதுவெளியில் அவற்றைத் தராததற்குக் காரணம் என் மகளும் அவளை வளர்த்த குடும்பமும். விதிகளைத் திருத்துவதற்கான கலந்தாய்வு எப்போது நடந்தாலும் நேரில் வந்து சொல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன். தன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வருவதாக என் மகள் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
1985இல் குழந்தையை ஒப்படைத்த ஒரு தாய்